நண்டுக்கு மரியாதை வந்துவிட்டது

சாப்பாட்டுக் கடைப் பலகைகளை வரிசையாகப் படித்துக்கொண்டு போனாலே போதும், இந்தத் தமிழ்ச் சமூகத்தின் சாதி அடுக்கில் மேல்பாதி மனப்பாடம் ஆகிவிடும். ஐயங்கார் பேக்கரி, நாயுடு மெஸ், ரெட்டியார் மெஸ், செட்டிநாடு, கோனார் கறிதோசை, கொங்கு விருந்து. 1957ல் பெரியார் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் தொண்டர்களை அனுப்பிக் கைதாகவைத்துப் போராடிய பிறகுதான் ‘பிராமணாள்’ என்ற சொல் அந்தப் பலகையிலிருந்து இறங்கியது. மற்ற சொற்களெல்லாம் அப்படியே தொங்குகின்றன. அவற்றைச் சாதி என்று யாரும் நினைப்பதில்லை. ருசி என்று நினைக்கிறார்கள். மேல்பாதி என்று சொன்னேன். கீழ்ப்பாதிக்குப் பலகை கிடையாது. ஒரு பறையர் மெஸ், ஒரு பள்ளர் விருந்து, ஒரு அருந்ததியர் பிரியாணி, எந்த நெடுஞ்சாலையில் பார்த்திருக்கிறீர்கள்? (இந்த வரியை வாசித்ததும் உங்கள் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்திருக்குமானால், அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறேன்.)

எனக்குச் சிதம்பரம் பக்கம். கிள்ளை சாலையில் இறங்கி உள்ளே நடக்கவேண்டும். முப்பத்தாறு வயதாகிறது. பதினோரு வருஷமாக வங்கியில் எழுத்தர் வேலை, இப்போது சேலத்தில். நான் கவிதை எழுதுகிறவன் என்பது இந்த இதழை வாசிக்கிற இருநூறு பேருக்குத் தெரியும், வங்கிக்குத் தெரியாது. பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது பிச்சாவரம் போகிற வழியில் புதிதாக ஒரு கடலுணவுக் கடை திறந்திருக்கிறார்கள் என்று சொன்னார்கள். கடையின் பெயர் வேண்டாம். இந்த மாதிரிக் கடைகள் இப்போது கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக முளைத்துக்கொண்டிருக்கின்றன, ஒன்றைச் சொன்னால் மற்றதெல்லாம் யோக்கியம் என்றாகிவிடும். 1975ல் ‘இதயக்கனி’ படம் எடுத்ததிலிருந்து பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டுக்கு ஊர் ஊராகச் சனம் வருகிறது. சனி ஞாயிறுகளில் புதுச்சேரியிலிருந்தும் சென்னையிலிருந்தும் கார் கார். படகில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருகிறவர்களுக்குப் பசிக்கும். அந்தப் பசிக்குத்தான் கடை.

நானும் அம்மாவும் போனோம். அம்மாவுக்குக் கடைச் சாப்பாடு பிடிக்காது. ஆனால் இந்தக் கடைக்குப் போகலாம் என்று சொன்னதே அவர்தான். அதற்கு ஒரு காரணம் இருந்தது, பிறகு சொல்கிறேன்.

வாசலில் கீற்றுக் கொட்டகை. உள்ளே குளிர்சாதனம். சுவரில் சாணி நிறத்தில் பெயிண்ட், சாணி இல்லை. ஊத்தாவை ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். கொஞ்சம் தள்ளி ஒரு கிழிந்த வலை, ஒரு துடுப்பு. இதெல்லாம் போகட்டும். தலைக்கு மேலே ஓலைப்பறிகளைத் தொங்கவிட்டு, ஒவ்வொன்றுக்குள்ளும் மஞ்சள் பல்பு எரியவிட்டிருந்தார்கள். பதினாறு பறி. எண்ணினேன். எண்ணுவதுதானே என் தொழில்.

பறி என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: கிள்ளை, பிச்சாவரம் பக்கம் இருளர் சனங்கள் உப்பங்கழியில் இறங்கி, தண்ணீருக்குள் தவழ்ந்து நகர்ந்து, கையால் சேற்றைத் தடவித் தடவி எறா பிடிப்பார்கள். வலை கிடையாது. இரண்டு கையும் சேற்றுக்குள் இருக்கும். பிடித்த எறாவைப் போட்டுக்கொள்ள ஓலையில் முடைந்த பறியைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பார்கள். மணிக்கணக்காகக் கடித்துக்கொண்டிருப்பார்கள். சேற்றுக்குள் முள் குத்தும், கிளிஞ்சல் கிழிக்கும், நண்டு கவ்வும். வாயில் பறி இருப்பதால் கத்தக்கூட முடியாது. அந்தப் பறிக்குள்தான் இப்போது பல்பு எரிகிறது. அவர்கள் பழங்குடி, நாங்கள் பட்டியல் சாதி. அவர்கள் பட்ட பாட்டை என் பாடாக எழுதிக்கொள்ள எனக்கு உரிமையில்லை. ஒரு சாதிச் சான்றிதழுக்கே தாலுகா ஆபீசுக்கு வருஷக்கணக்கில் நடந்த குடும்பங்கள் அங்கே உண்டு. ஆனால் அந்த விளக்கின் கீழே உட்கார்ந்து சாப்பிடும்போது எனக்குப் பல் கூசியது. இது உவமை இல்லை, நிஜமாகவே கூசியது.

விலைப்பட்டியலுக்கு வருவோம். வஞ்சிரம், சங்கரா, கொடுவா எல்லாம் வழக்கம்போல. அதற்குக் கீழே ‘கிராமத்துச் சிறப்பு’ என்று தனிக் கட்டம். வயல் நண்டு ரசம், 160 ரூபாய். நத்தை மிளகு வறுவல், 280. சென்னாக்குன்னித் தொக்கு, 140. கருவாட்டுக் குழம்புடன் பழையது, மண்சட்டியில், 190.

அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “பழையது நூத்தித் தொண்ணூறா?” என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “நேத்து ராத்திரி தண்ணி ஊத்தி வச்சதுக்கு வாடகையா இருக்கும்” என்றார்.

வயல் நண்டைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற எங்கள் தெருப் பெண்கள் வரப்பு வங்குக்குள் கையை விட்டு நண்டு பிடிப்பார்கள். கொடுக்கை ஒடித்து மடியில் கட்டிக்கொள்வார்கள். மிராசுதார் அதற்கு ஒன்றும் சொல்லமாட்டார். நண்டு வரப்பைத் துளைத்தால் தண்ணீர் வடிந்துபோகும், பிடித்தால் அவருக்குத்தான் லாபம். கூலி நெல்லில் ஒரு மரக்கால் குறைத்துக் கொடுக்கிறவர் நண்டை மட்டும் தாராளமாக விட்டுக்கொடுத்த தர்மத்தின் பொருளாதாரம் இது. வீட்டுக்கு வந்து ஓட்டோடு உரலில் போட்டு இடித்து, துணியில் பிழிந்து, அந்தத் தண்ணீரில் மிளகும் பூண்டும் சீரகமும் தட்டிப்போட்டு ரசம் வைப்பார்கள். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் நெஞ்சுச்சளிக்கு அதைவிட மருந்து கிடையாது. வேலையும் கிடையாது அந்த மாதங்களில். நண்டு எங்களுக்குச் சிறப்பு உணவு இல்லை. கையில் காசு இல்லாத நாளின் உணவு.

பிறகு நெல்லுக்குக் குருணை மருந்து போட ஆரம்பித்தார்கள். நண்டு வங்குக்குள்ளேயே செத்து நாறியது. இப்போது வயலில் நண்டைப் பார்ப்பதே அபூர்வம். அபூர்வமானதும் அதற்கு விலை வந்துவிட்டது, மரியாதையும் வந்துவிட்டது.

அந்த மரியாதை எங்கள் பிள்ளைப்பருவத்தில் வந்திருக்கலாம். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு ஒரு கூட்டுப்பெயர் இருந்தது, ‘நண்டு நத்தை’. பெஞ்சில் உட்கார்ந்தால், “டேய் தள்ளி ஒக்காருடா, நண்டு நாத்தம் அடிக்குது.” சொன்னவர்கள் பையன்கள் மட்டும் என்றால் விட்டுவிடலாம். கணக்கு தப்பாய்ப் போட்டால் வாத்தியாரும் அதையேதான் சொன்னார், ‘நத்தை திங்கிற மூளைக்குக் கணக்கு எங்கேர்ந்துடா வரும்’ என்று. அந்தக் கணக்கைப் போட்டுத்தான் இன்றைக்குச் சேலத்தில் நாள் முழுக்க மற்றவர்கள் பணத்தை எண்ணுகிறேன். நத்தைக்கு இன்னொரு கதையும் உண்டு. மூலத்துக்கு நத்தைக்கறி கைகண்ட மருந்து என்பார்கள். எங்கள் ஆயா சொல்லுவார், ஊர்த்தெருப் பெரியவர் ஒருத்தர் பொழுது சாய்ந்ததும் ஆள் அனுப்பி நத்தை வாங்கிப்போவாராம், தூக்குவாளியில், மேலே வாழைச்சருகு மூடி. காலையில் அதே பெரியவர் ‘நத்தை பொறுக்கிகளா’ என்றுதான் கூப்பிடுவார். அவர் ஆசனவாய்க்கு மட்டும் அந்தச் சாதிவேறுபாடு தெரியாது போலிருக்கிறது.

உணவை வைத்து மனிதரைத் தள்ளிவைப்பது ஏதோ எங்கள் ஊர் வாத்தியாரின் புத்தி இல்லை. தீண்டப்படாதோர் யார், எப்படி அப்படி ஆக்கப்பட்டார்கள் என்று ஆராய்ந்து அம்பேத்கர் 1948ல் ஒரு நூலே எழுதினார். செத்த மாட்டைத் தின்றவர்கள் என்பதைத் தீண்டாமையின் வேர்களில் ஒன்றாக அதில் நிறுத்தினார். மாட்டுக்கு வந்த கதி பெரிது, அதற்குச் சட்டமும் கும்பலும் இருக்கின்றன. நண்டும் நத்தையும் சின்ன உயிர்கள், அவற்றுக்கு ஏளனமே போதுமாக இருந்தது. இப்போது அந்த ஏளனத்தை எடுத்துவிட்டு விலையை ஒட்டியிருக்கிறார்கள். இடையில் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. பக்கத்து மேசையில் கார் சாவியை வைத்துவிட்டு ஒருவர் நத்தை வறுவலைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். ‘ஆத்தென்டிக்’ என்று மனைவியிடம் சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் பள்ளிக்கூடத்தில் யாரை என்னவென்று கூப்பிட்டார் என்பது எனக்குத் தெரியாது.

சாப்பாடு எப்படி என்று கேட்பீர்கள். வாழையிலையில் சுட்ட கொடுவா நன்றாகவே இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். புளியும் காரமும் அளவாக, உள்ளே ஈரம் காயாமல். நண்டு ரசம் பழுதில்லை, மிளகு மட்டும் கூடுதல், குழந்தைகள் குடிக்கமுடியாது. நத்தை ரப்பர். நத்தையைச் சரியாக வேகவைக்கத் தெரியாதவர்கள் 280 ரூபாய் வாங்கக்கூடாது. எறாத் தொக்கு வந்தது. ‘பிச்சாவரம் நாட்டு எறா, கழியிலிருந்து நேரே தட்டுக்கு’ என்று பட்டியலில் போட்டிருந்தது. அம்மா ஒன்றை எடுத்து மென்றார். இன்னொன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“இது குட்டை எறா தம்பி.”

“எப்படிம்மா சொல்ற?”

“எல்லாம் ஒரே அளவா கெடக்கு பாரு. கழியில புடிச்சா ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசா இருக்கும். இது தீனி போட்டு வளத்தது. ருசியே இல்ல, உப்புதான் இருக்கு.”

சப்ளையர் தம்பியைக் கூப்பிட்டு எந்த எறா என்று கேட்டேன். ஒடிசாவிலிருந்து வந்த பையன், சிரித்தான். கல்லாவில் இருந்தவர் எழுந்து வந்து, “வனாமி சார், பிரஷ்ஷு” என்று பெருமையாகச் சொன்னார். அவருக்கு அதில் ஒரு கூச்சமும் இல்லை. வனாமி என்பது மெக்சிகோவிலிருந்து பெரு வரைக்குமான பசிபிக் கரையின் எறா. இந்தியாவில் வளர்க்க 2009ல் அனுமதித்தார்கள். அது எப்போது பிச்சாவரத்து நாட்டு எறாவானது என்று அவரிடம் கேட்கவில்லை, சாதிமாற்றம் மனிதருக்கு முடியாது, எறாவுக்கு முடிகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் எறாக்குட்டையைச் சிரித்துவிட்டுக் கடக்க எங்கள் சனத்தால் முடியாது. 1990களின் தொடக்கத்தில் கடலூரிலிருந்து நாகப்பட்டினம் வரைக்கும் கடற்கரையோர நஞ்சைகளைக் கம்பெனிகளும் பணக்காரர்களும் வாங்கி, பொக்லைன் விட்டுத் தோண்டி, உப்புத்தண்ணீரை ஏற்றி எறாக்குட்டை ஆக்கினார்கள். வாங்கியவர் விற்றவர் இரண்டு பேரும் நிலம் உள்ளவர்கள். அந்த நிலத்தில் நட்டவர்கள், களையெடுத்தவர்கள், அறுத்தவர்கள் எந்தப் பத்திரத்திலும் இல்லை. அம்மா அதை ஒரே வரியில் சொல்லுவார்: “நடவுன்னா இருவது பொம்பள வேணும், குட்டைக்கு ஒரு வாச்சுமேன் போதும்.” கூலி போனது முதலில். அடுத்து, கிணற்றுத் தண்ணீர் உப்பானது. சேரிக் கிணறு எப்போதும் பள்ளத்தில்தானே இருக்கும், உப்பு முதலில் அங்கேதான் இறங்கும். குடத்தைத் தூக்கிக்கொண்டு ஊர்த்தெருக் குழாய்க்குப் போனால் அங்கே வேறு சட்டம்.

சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் போட்ட வழக்கில் 1996 டிசம்பர் 11ல் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் பாரம்பரிய முறையல்லாத எறாப்பண்ணைகளை மூடச் சொன்னது, கெடுத்தவர்களே இழப்பீடு தரவேண்டும் என்றது. கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் தலித் பெண்களோடு சேர்ந்து வரப்பில் படுத்துப் போராடியதற்குக் கிடைத்த தீர்ப்பு அது. (காந்தியர்களோடு நமக்குச் சண்டை ஆயிரம் உண்டு. இந்த இடத்தில் அவர்களுக்குரியதைக் கொடுக்கவேண்டும்.) எனக்கு அப்போது ஏழு வயது, தெருவில் வெடி போட்டார்கள் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. 2005ல் கடலோர நீருயிர் வளர்ப்பு ஆணையச் சட்டம் என்று ஒன்று வந்தது. பதிவு செய்துகொண்டால் குட்டை நடத்தலாம் என்றாகிவிட்டது. இடையில் வெள்ளைப்புள்ளி நோய் வந்து புலி எறாவெல்லாம் செத்துப் பல குட்டைகள் பாழாய்க் கிடந்தன. உப்பேறிய அந்த மண்ணில் திரும்ப நெல் விளையவில்லை. பிறகு வனாமி வந்தது, சக்கரம் மறுபடி தண்ணீரைச் சுழற்ற ஆரம்பித்தது. ஆக, அம்மா கையில் பிடித்துப் பார்த்த அந்த எறா, அவர் நட்ட வயலை விழுங்கி வளர்ந்த வம்சம். அதைத் தொக்கு வைத்து அவருக்கே 320 ரூபாய்க்கு விற்கிறார்கள்.

இப்போது அம்மா ஏன் அந்தக் கடைக்கு வரவேண்டும் என்றார் என்பதைச் சொல்லவேண்டும். எங்கள் தெருப் பெண்கள் மூன்று பேர் அங்கே வேலை செய்கிறார்கள். மீன் அலசுவது, நண்டு உடைப்பது, மசாலா அரைப்பது, பாத்திரம். ஒருவர் எனக்குச் சித்தி முறை. நண்டு ரசம் வைப்பதே அவர்தான். வெள்ளைத் தொப்பி போட்ட மாஸ்டர் ஒருவர் முன்னால் நிற்கிறார், வாடிக்கையாளர் கண்ணாடி வழியாகப் பார்ப்பது அவரைத்தான். சித்தி பின்கட்டில், தகரக் கொட்டகையில். நாளைக்கு 400 ரூபாய். பின்பக்க வழியாகத்தான் வரவேண்டும், முன்வாசலுக்கு வரக்கூடாது, சாப்பிடுகிறவர்கள் கை கழுவுகிற பக்கம் எட்டிப் பார்க்கக்கூடாது. ‘எந்தத் தெரு என்று யார் கேட்டாலும் சிதம்பரம் டவுன் என்று சொல்லுங்கள்’ என்று முதல் நாளே சொல்லிவிட்டார்களாம். வேலைக்கு வைக்கத் தயங்கவில்லை. கைப்பக்குவம் வேண்டும் என்று தேடிவந்து கூப்பிட்டவர்களே அவர்கள்தான். கை வேண்டும், கைக்குச் சொந்தமான தெரு வேண்டாம். (‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப்புழக்கத்திலிருந்தும் எடுத்துவிடுவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். டவுன் பஸ் கண்டக்டருக்கு இன்னும் செய்தி போய்ச்சேரவில்லை.) சித்தி வேலை பார்க்கிற இடத்தை அம்மா முன்பக்கமாக வந்து உட்கார்ந்து பார்க்க விரும்பினார். அவ்வளவுதான் காரணம்.

‘கிராமத்துச் சமையல்’ என்கிறார்களே, எந்தக் கிராமம்? ஊரா, சேரியா? தமிழில் கிராமம் என்று ஒருமையில் சொல்ல ஒன்றுமே கிடையாது, இரண்டு குடியிருப்பு, இரண்டு சுடுகாடு, பல இடங்களில் இரண்டு குவளை. 1948 நவம்பர் 4ல் அரசியல் நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கர், அரசியல் சட்ட வரைவு கிராமத்தைத் தள்ளிவிட்டுத் தனிமனிதரை அலகாக எடுத்துக்கொண்டதற்காக மகிழ்ச்சி தெரிவித்தார். அன்றைக்குப் பலருக்கு அது கசந்தது. அரசியல் சட்டத்தில் நுழையமுடியாத அந்தக் ‘கிராமம்’ இப்போது உணவு அட்டையில் மண்வாசனையோடு நுழைந்துகொண்டிருக்கிறது. கூரை, ஊத்தா, உரல், மண்சட்டி எல்லாம் வந்துவிட்டன. சேரி மட்டும் பின்கட்டில் மசாலா அரைக்கிறது.

இதை ஒரு தோழரிடம் சொன்னேன். இடதுசாரி, நல்லவர், என் கவிதைத் தொகுப்புக்குப் பணம் கொடுத்து வாங்கிய சிலரில் ஒருவர். அவர் சொன்னார்: “உங்க சாப்பாட்டை எல்லாரும் சாப்பிடுறாங்க, இது முன்னேற்றம்தானே? அதுக்கும் சாதிப்பேர் ஒட்டணும்னா சாதி ஒழிப்பு என்ன ஆகும்?” கேள்வி நியாயமானது போலத் தெரிகிறது. சாதிப் பெயரில் எனக்குப் பலகை வேண்டாம், ஒருபோதும் வேண்டாம். இருக்கிற சாதிப் பலகைகளையெல்லாம் முதலில் இறக்குங்கள் என்றுதான் கேட்கிறேன். அது நடக்காதவரை, நாயுடுவுக்குப் பெயர் இருக்கும், செட்டியாருக்குப் பெயர் இருக்கும், எங்கள் சட்டியிலிருந்து எடுத்தது மட்டும் ‘பொது’ என்று ஆகும். இந்தப் ‘பொது’ எப்போதும் எங்கள் பொருளிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. பறைக்கு நடந்தது இது. மேடையேறியபோது ‘நாட்டுப்புற இசைக்கருவி’ ஆனது, சாவுக்கு அடிக்கும்போது மறுபடி எங்களுடையது ஆனது.

மராத்தியில் இந்த வேலையை எழுத்தில் செய்துவிட்டார்கள். ஷாஹு பட்டோலே என்பவர் மராத்வாடா தலித்துகளின் சமையலைப் பற்றி 2015ல் ஒரு நூல் கொண்டுவந்தார், மகர், மாங்க் சமூகத்தினர் எதைத் தின்றார்கள், ஏன் தின்றார்கள் என்று. 2024ல் அது ஆங்கிலத்திலும் வந்தது. எண்ணெயும் நெய்யும் இல்லாத சமையலைக் கூசாமல் எழுதியிருக்கிறார். நம் ஆயாக்களிடம் இருக்கிற சென்னாக்குன்னிப் பொடியும் நண்டு ரசமும் ஆரால் குழம்பும் எந்தத் தாளிலும் இல்லை. அந்தக் கடைக்காரர் நாளைக்குப் புத்தகம் போட்டால் அதுதான் ஆவணம் ஆகும்.

நாங்கள் உள்ளே போய் உட்கார்ந்து சாப்பிட்டதே பெரிய விஷயம் இல்லையா என்று கேட்கிறவர்களும் உண்டு. உணவகத்துக்குள் நுழையச் சாதி தடையில்லை என்று அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு சொல்லி முக்கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. காசு உள்ளவனைக் கல்லா தடுக்காது, அது எனக்குத் தெரியும், நானும் கல்லாவில் இருப்பவன்தான். தடுப்பது வேறு இடத்தில் இருக்கிறது. தலித் வந்து சாப்பிடுவதைச் சகித்துக்கொள்கிற ஊர், தலித் சமைத்துப் போடுவதைச் சகிக்குமா என்பதுதான் கேள்வி. 2018ல் அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் ஒருவர் சத்துணவு சமைக்க வந்தார். பிள்ளைகளுக்கு அவர் சமைக்கக்கூடாது என்று ஆதிக்கசாதிப் பெற்றோர் திரண்டார்கள். அதிகாரிகள் என்ன செய்தார்கள்? அவரை இடம் மாற்றினார்கள். கண்டனம் கிளம்பிய பிறகுதான் அந்த உத்தரவை ரத்து செய்தார்கள். அங்கே அவர் சமைத்தது நண்டும் இல்லை நத்தையும் இல்லை, சாம்பார் சாதம்.

வங்கிக்குள்ளும் இதே கேள்வி வேறு மொழியில் இருக்கிறது. 2016ல் ஸ்டாண்ட் அப் இந்தியா என்று ஒரு திட்டம் வந்தது. ஒவ்வொரு கிளையும் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினர் ஒருவருக்காவது, பெண் ஒருவருக்காவது 10 லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை தொழில்கடன் தரவேண்டும் என்றார்கள். தமிழ்நாடு அரசு 2023ல் அண்ணல் அம்பேத்கர் பெயரில் தொழில் முன்னோடிகள் திட்டம் கொண்டுவந்தது, அதில் 35 சதவீதம் மானியம். காகிதத்தில் குறையில்லை. நான் முன்பு வேலை பார்த்த ஒரு கிளையில் கடன் மேசைப் பக்கம் இரண்டு வருஷம் இருந்தேன். ஒரு பெண் மெஸ் வைக்கக் கடன் கேட்டு வந்தார். சமையலில் பதினைந்து வருஷ அனுபவம், இடம் வாடகைக்குப் பேசியாகிவிட்டது, தாள்கள் எல்லாம் சரி. அதிகாரி விண்ணப்பத்தைப் புரட்டி, சாதிச் சான்றிதழைப் பார்த்து, முகவரியைப் பார்த்து, மென்மையாகத்தான் கேட்டார்: “அந்த ஏரியால ஒங்ககிட்ட யாரும்மா வந்து சாப்பிடுவாங்க?” அவர் கெட்டவர் இல்லை. கடன் திரும்பவேண்டும் என்ற கவலையில் கேட்டார். கோப்பில் ‘சந்தை வாய்ப்பு போதாது’ என்று எழுதினார். தீண்டாமைக்கு இவ்வளவு சுத்தமான தமிழ் நான் வேறெங்கும் வாசித்ததில்லை. அதே பெண் யாரோ ஒருவர் கடையில் பின்கட்டில் சமைத்தால் சந்தை வாய்ப்பு ஏராளம்.

சித்தி இப்போது தனியாகக் கடை போடவேண்டும் என்கிறார். அதே சாலையில், பெரிதாக இல்லை, பத்துப் பேர் உட்காருகிற மாதிரி. கிள்ளைப் பக்கம் மூன்று இடம் பார்த்தார். முதல் இடத்தில் ‘எந்தத் தெரு’ என்றார்கள், சொன்னார், இடம் ஏற்கனவே பேசியாகிவிட்டது என்றார்கள். இரண்டாவது இடத்தில் ‘சைவம்னா தர்றோம்’ என்றார்கள், எதிரிலேயே கோழிக்கடை இருக்கிறது. மூன்றாவது ஒரு முஸ்லிம் பாயின் இடம், முன்பணம் மட்டும் கொஞ்சம் அதிகம், தருகிறேன் என்றிருக்கிறார். பலகைக்கு என்ன பெயர் என்று தெருவில் ஒரு வாரமாகப் பேச்சு. பையன்கள் அண்ணல் பெயரைப் போடச் சொல்கிறார்கள். போட்டால் கண்ணாடி தங்காது என்கிறார் சித்தப்பா. அம்மன் பெயர் போட்டால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று ஒரு யோசனை. சித்தி தன் பெயரையே போடப்போகிறாராம். “நாந்தான சமைக்கப் போறேன்” என்கிறார்.

விண்ணப்பத்தை நான்தான் பூர்த்தி செய்து கொடுத்தேன். ‘எதிர்பார்க்கும் வாடிக்கையாளர்கள்’ என்று ஒரு கட்டம் இருந்தது. ‘பிச்சாவரம் போகிறவர்கள், வருகிறவர்கள், உள்ளூர்க்காரர்கள்’ என்று எழுதினேன். உள்ளூர்க்காரர்கள் என்பதை அடிக்கட்டுமா என்று சித்தியைக் கேட்டேன். வேண்டாம், இருக்கட்டும் என்றார். அடுத்த மாதம் இடத்தைப் பார்க்க வருகிறார்களாம்.